எரிச்ச பேப்பருக்கு ஒரு ரிஜிஸ்தர்

சங்கத்துல மலர் போடுறாங்களாம். ரிட்டையர்டு ஆன ஆளுங்க சர்வீசுல பார்த்தது பட்டத எழுதிக் குடுங்க, புதுசா வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு உதவும்னு கேட்டாங்க. எனக்கு எழுத வராது. பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்குனதோட சரி. அப்பறம் வேலைக்கு வந்த கொடைக்கானல்ல மழைக்கு ஒதுங்குறதுன்னா வருசத்துல பாதி நாள் ஒதுங்கணும், அப்பிடியும் எனக்குப் படிப்பு ஏறல. அதனால நான் சொல்லச் சொல்ல எங்க மருமக எழுதுறா. "மாமா, இதக் கொஞ்சம் சுருக்கிக்கிடவா?"ன்னு இப்பவே ரெண்டு தடவ கேட்டுட்டா. சுருக்காத தாயின்னு சொல்லிட்டேன். நான் சுருக்காம எழுதுனதாலதான் ஒரு பொம்பளைக்கு வீட்டு மனை நின்னுச்சு. சொல்லப் போறது அந்தக் கதையத்தான்.

எந்த ஆபீசுன்னு கேக்காதீங்க. மலை மேல ஒரு சின்ன கவருமெண்டு ஆபீசு, அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு மேலாபீசு. அந்த மேலாபீசு மலைக்குக் கீழ இருந்துச்சு. மேலாபீசுக்குப் போகணும்னா கீழ எறங்கணும். முப்பது வருசத்துக்கு மேல சர்வீசு பார்த்தும் எனக்கு இது பழகல.

1. மொத நாளு

எங்கப்பா அதே டிப்பார்ட்டுமெண்டுல வாட்சரா இருந்து செத்துப் போனாரு. அந்த வேலைய எனக்குக் குடுத்தாங்க. வத்தலக்குண்டுல வெள்ளனே பஸ் ஏறுனேன். முன்னப்பின்ன மலையேறிப் பழக்கமில்ல. பாதி மலையில தலையச் சன்னலுக்கு வெளிய நீட்டுனவன், ஊரு வர்ற வரைக்கும் உள்ள இழுக்கல. புதுச் சட்டை. அதுல ஒரு பக்கம் பூராவும் வீணாப் போச்சு. அந்தப் பக்கத்தக் கையால மறைச்சுக்கிட்டுத்தான் ஹெட்கிளார்க்கு முன்னாடி போயி நின்னேன்.

ஹெட்கிளார்க்கு பேரு காதர் சாரு. பழனி பஜார்ல அவங்க குடும்பத்துக்கு ஜவுளிக்கடை. இவரு மட்டும் கவருமெண்டுக்கு வந்துட்டாரு. துணிய மடிக்கிற மாதிரிதான் பைலையும் மடிப்பாரு, ஒரு ஓரம் பிசகாது.

"ஏலே, படிக்கத் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டுவேன் சார். பார்த்து அப்பிடியே வரைஞ்சிருவேன். கோர்வையா வாசிக்க வராது."

எனக்கு வேலை போச்சுன்னு நெனச்சேன். அவரு மொகம் மலந்து போச்சு.

"அப்பாடா! இதுக்கு முன்ன ரெக்கார்டு ரூம்ல இருந்தவன் படிச்சவன்லே. ஒரு கட்ட எடுத்துட்டு வாடான்னு அனுப்புனா, உள்ள யாருக்கும் யாருக்கும் என்ன சண்டைன்னு படிக்க உக்காந்துருவான். மத்தியானத்துக்குள்ள டீக்கடை பூராவும் தெரிஞ்சிரும். நீதான் சரியான ஆளு. உள்ள போ."

இப்பிடித்தான் படிக்காதவன்கிற தகுதியில எனக்கு ரெக்கார்டு ரூம் கெடச்சுச்சு.

ரெக்கார்டு ரூம்னா பெரிசா நெனச்சுக்கிடாதீங்க. பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. காட்டுமாடு வந்து செவுத்துல முதுகச் சொறியும், உள்ள ரேக்கு ஆடும். மலை ஈரத்துல பேப்பரு அப்பளம் மாதிரி நமத்துப் போயிக் கெடக்கும். பூஞ்சணம் ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம். கட்டுக்குக் கட்டு தைல மரத்து எலையச் சொருகி வைப்பேன், பூச்சி அண்டாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, "சளி மருந்து டப்பாவுக்குள்ள இருந்து வந்த மாதிரி இருக்கீக"ன்னு எங்க வீட்ல சொல்லுவா.

2. நாலு எழுத்து

புதுப் பிள்ளைகளுக்கு இத மட்டும் சொல்லிருறேன். ஒரு பைலு முடிஞ்சுச்சுன்னா அது தலையில ஒரு இங்கிலீசு எழுத்து போடுவாங்க. அதுதான் அந்த பைலோட ஆயுசு.

காதர் சாரு எனக்கு வெரல விட்டுச் சொன்னது இப்பிடி: "ஆர்.டிஸ்னா ஆயுசுக்கும் இருக்கும். டி.டிஸ்னா பத்து வருசம். கே.டிஸ்னா மூணு. எல்.டிஸ்னா ஒரே வருசம், அப்பறம் நெருப்பு."

"எதுக்கு எந்த எழுத்துன்னு யாரு சார் முடிவு பண்றது?"

"பைல முடிக்கிற கிளார்க்கு. அன்னிக்கு அவனுக்கு இருக்குற புத்தியப் பொறுத்து."

அது நெசந்தான். கை ஒடிஞ்ச நாற்காலி ஒண்ண ஏலம் விட்ட பைலு, ஆர்.டிஸ். நாற்காலியும் போச்சு, ஏலம் எடுத்த மனுசனும் போயிச் சேந்துட்டாரு. பைலு இன்னும் தைல எலையோட சொகமாக் கெடக்கு. கெணறு வெட்டித் தாங்கன்னு ஒரு ஊரே ரேகை வச்சுக் குடுத்த மனு, எல்.டிஸ். நானே தூக்கிட்டுப் போயித் தீயில போட்டேன்.

எரிக்கிறதுக்கும் மொறை இருக்கு. எதையெதை எரிக்கிறோம்னு ஒரு ரிஜிஸ்தர்ல எழுதணும். ஆபீசரு வந்து நிக்கணும். எரிஞ்சு முடிஞ்சதும் கடைசியில "என் முன்னிலையில் எரிக்கப்பட்டது"ன்னு கையெழுத்துப் போடணும்.

நான் கேட்டேன், "அந்த ரிஜிஸ்தரு எத்தன வருசம் சார்?"

"அது ஆர்.டிஸ்லே. எப்பவும் இருக்கும். எரிச்சதுக்கு அதுதான சாட்சி? அதையும் எரிச்சுப்புட்டா, நாம எரிச்சோம்கிறதே இல்லாமப் போயிருமே."

அப்ப எனக்குச் சிரிப்பா வந்துச்சு. மனுசன் குடுத்த மனுவுக்கு ஒரு வருசம், அத எரிச்ச லிஸ்ட்டுக்கு ஆயுசு பூராவும்.

இந்த லிஸ்ட்ட எழுத வேண்டியது ரெக்கார்டு கிளார்க்கு. அந்தப் போஸ்ட்டு காலியாச்சு, பல வருசம் ஆளே போடல. எழுதுற சோலியும் என் தலையில விழுந்துச்சு. மத்த ஆபீசுல எல்லாம் "இதர மனுக்கள், ஒரு கட்டு"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்களாம். நான் எங்க முடிக்க? இதரன்னா என்ன, எது முக்கியம், எத விடலாம்னு தெரிஞ்சாத்தான சுருக்கலாம்? பேப்பரு தலையில என்னென்ன இருக்கோ, தேதி, பேரு, ஊரு, பொருள்னு ஒண்ணு விடாம அப்பிடியே பார்த்து வரைஞ்சிருவேன். எங்க வீட்ல வாசல்ல புள்ளி தப்பாமக் கோலம் இழுப்பா, அது மாதிரி. என்ன எழுதுனேன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

3. மெயிலு வந்த கதை

காதர் சாரு ரிட்டையர்டு ஆகிப் பழனிக்கே போயிட்டாரு. அதுக்கப்பறந்தான் கம்ப்யூட்டர் வந்துச்சு. கூடவே புது ஆபீசரு ஒருத்தரும் வந்தாரு. கம்ப்யூட்டர் பார்க்க நாயுடுபுரத்துல இருந்து சங்கீதான்னு ஒரு பொண்ணு, கான்ட்ராக்ட்டுல. கான்வென்ட்டுல படிச்ச பிள்ளை, என்னைய அங்கிள்னுதான் கூப்புடும்.

ஆபீசரு எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுனாரு. "இனிமே பேப்பரே கெடையாது. எல்லாம் மெயில்தான்."

மறுநாள் மெயிலு வந்துச்சு. சங்கீதா அத பிரிண்ட்டு எடுத்துச்சு. நான் தபால் சீல் குத்துனேன். கிளார்க்கு நம்பர் போட்டாரு. ஆபீசரு கையெழுத்துப் போட்டாரு. அந்தக் கையெழுத்துப் போட்டத சங்கீதா திரும்ப ஸ்கேன் பண்ணி மெயில்ல ஏத்துச்சு. ஏத்துனது போயிருச்சான்னு ஒரு பிரிண்ட்டு. அத பைல்ல வச்சு எங்கிட்டக் குடுத்தாங்க. பேப்பர் இல்லாத ஆபீசுக்கு ரேக்கு பத்தாமப் போயி நான் புதுசா ரெண்டு ரேக்கு கேட்டேன்.

ஒருநாள் ஆபீசருக்குச் சந்தேகம். "பேப்பருக்கு நாலு எழுத்து இருக்கு. மெயிலுக்கு எத்தன வருசம்?"

கிளார்க்குக்குத் தெரியல. சங்கீதாவுக்குத் தெரியல. தெளிவுரை வேண்டும்னு மேலாபீசுக்கு எழுதுனாங்க. மூணு தடவ நெனவூட்டுனாங்க. கடைசியில பதில் வந்துச்சு. மெயில்லயே வந்துச்சு. அன்னிக்குன்னு பிரிண்டர்ல மை இல்ல. நாளைக்குப் பார்ப்போம்னு விட்டாங்க. அந்த வாரத்துல கரண்டு அடிக்கடி போச்சு, அப்பறம் பொங்கல் லீவு, அப்பறம் பார்த்தா மெயிலே அடச்சுக்கிட்டு நிக்கிது.

"இன்பாக்ஸ் ஃபுல்லு அங்கிள், ஒரு மெயிலும் உள்ள வரமாட்டேங்குது."

"என்ன பண்ணணும்?"

"பழச டெலீட் பண்ணணும்."

ஆபீசரு கிட்டக் கேட்டாங்க. "பழசத்தானம்மா, எடு"ன்னாரு. சங்கீதா ஒரே அமுக்கு. அதுல தெளிவுரையும் போச்சு. மெயில எத்தன வருசம் வைக்கணும்கிற உத்தரவ நாங்க வச்சிருந்தது எண்ணி ஒரு மாசம். பேப்பர எரிச்சா ரிஜிஸ்தர்ல எழுதணும், இதுக்கு எதுல எழுதுறதுன்னு நான் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கிறதுக்குக் கேக்கல.

4. குளிர் காஞ்ச நாளு

மேலாபீசுல இருந்து இன்ஸ்பெக்சன் வர்றதாச் சொன்னாங்க. ஆபீசரு தகரக் கொட்டகையப் பார்த்தாரு. ரேக்கு நெறைஞ்சு தரையில மூட்டையாக் கெடக்கு.

"இதெல்லாம் என்னய்யா?"

"மெயிலு பிரிண்ட்டு ஐயா. கையெழுத்து இல்லாத மனு. எல்.டிஸ் போட்டு வந்துச்சு."

இத வெளக்கணும். மெயில்ல வர்ற மனுவுல கையெழுத்து இருக்காதுல்ல? கையெழுத்து இல்லாத மனு மொட்டைக் கடுதாசிக்குச் சமம்னு ஆபீசரு ஒரு முடிவுக்கு வந்திருந்தாரு. பேரு இருக்கும், ஊரு இருக்கும், வீட்டுக்கு வழி கூட எழுதியிருப்பாங்க. இருந்தாலும் மொட்டைக் கடுதாசி. நடவடிக்கை இல்ல, எல்.டிஸ், கட்டு.

"எரிச்சிரு."

"வருசம் முடியல ஐயா. ஒம்போது மாசந்தான் ஆச்சு."

"ஒம்போது மாசத்துல பிள்ளையே பொறந்துருது. எரிய்யா."

மூணு நாள் உக்காந்து லிஸ்ட்டு வரைஞ்சேன். மெயிலு பிரிண்ட்டுல ஒரு தொல்லை, அது தலையில எந்நேரம் வந்துச்சுன்னு மணி நிமிசம் கூடப் போட்டிருக்கும். அதையும் விடல. ஒரு தாளுல மட்டும் கை நின்னுச்சு. வடகவுஞ்சின்னு இருந்துச்சு. பஸ்ஸு போர்டுல தெனமும் பார்க்குற எழுத்து, கூட்டாமலே தெரிஞ்சுச்சு. அட, நமக்கு வாசிக்க வருதேன்னு ஒரு சந்தோசம். அந்த சந்தோசத்துல அந்த வரிய மட்டும் நல்லாக் குண்டு குண்டா எழுதுனேன்.

எரிச்ச அன்னிக்கு எலும்பத் தொடுற குளிரு. மூடுபனியில பக்கத்துல நிக்கிற ஆளு தெரியல. ஆபீசரு, கிளார்க்கு, சங்கீதா, நானு, எல்லாரும் தீயச் சுத்தி நின்னு கையக் காட்டுனோம். யாரோ டீ வாங்கிட்டு வந்தாங்க. நல்லா இருந்துச்சு, பொய் சொல்லப்படாது. சூடு அடங்கவும் ஆபீசரு ரிஜிஸ்தர்ல பக்கம் பக்கமா, படிக்காமக் கையெழுத்துப் போட்டாரு.

5. பாக்கியம்

அதுக்கு ஒரு மாசங் கழிச்சு பாக்கியம் வந்துச்சு. வடகவுஞ்சிப் பக்கம். அவங்க அப்பா காலத்துல சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பம். ஆபீசர இன்னமும் தொரைன்னுதான் சொல்லும். புருசன் இல்ல, மக திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை.

அதோட சேதி இது. எங்க ஆபீசுல வீட்டுமனை லிஸ்ட்டு ஒண்ணு போட்டாங்க. பாக்கியம் இருபது வருசமாக் குடியிருக்குற எடத்துல மண்ணு வீடு இருக்கு, சவ்சவ் பந்தல் இருக்கு. அளக்க வந்த அன்னிக்கு அது காப்பிப் பழம் எடுக்கப் போயிருச்சு, வீடு பூட்டிக் கெடந்துச்சு. "காலி மனை"ன்னு எழுதி வேற ஒருத்தருக்கு ஒதுக்கிட்டாங்க. ஆட்சேபனை இருந்தா முப்பது நாளைக்குள்ள குடுக்கணும். அந்நேரம் பார்த்து மழையில மேல வர்ற ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னு போச்சு. பாக்கியம் கீழ பழனிக்கு எறங்கி, பஜார்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல மெயிலாப் போட்டுருச்சு. ஆபீசுல அதக் கண்டுக்கல. மனை போச்சு. மேலாபீசுக்கு அப்பீல் போட்டா, "முப்பது நாளைக்குள்ள ஆட்சேபிச்சதுக்கு என்ன ஆதாரம்?"னு கேட்டிருக்காங்க.

"கடைக்காரரு அவரு மெயில்ல இருந்துதான் அனுப்புனாரு அண்ணே. இப்ப அங்க பரோட்டாக் கடை போட்டுட்டாரு. பாஸ்வேர்டு மறந்துருச்சாம். ஒங்க தொரை கிட்ட வந்து கேட்டேன். அப்பிடி ஒரு மெயிலு வரவே இல்லைங்கிறாரு. ஆர்.டி.ஐ போட்டேன். இந்தா பாருங்க, ஆவணம் ஏதும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"எங்கிட்டக் குடுத்து என்ன தாயி, எனக்கு வாசிக்கத் தெரியாது. எந்த ஊருன்ன?"

"வடகவுஞ்சி."

எனக்குக் கை சுட்டுச்சு. அந்தக் குளிருல காட்டுன கை. கம்ப்யூட்டர்ல இருந்தது சங்கீதா அமுக்குனதுல போச்சு, தாளு நெருப்புல போச்சு.

அன்னிக்கு டீ மட்டும் வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன். எனக்கு ரிட்டையர்டு ஆக எட்டு மாசம் இருக்கு, என் பென்சன் பேப்பரெல்லாம் ஆபீசரு மேசை வழியாத்தான் போகணும். மறு வாரம் அது திரும்ப வந்துச்சு, சவ்சவ் நாலு கையில.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்டிட்டாங்க அண்ணே. வெட்டிப் போடுறதுக்கு முன்ன பறிச்சேன். வச்சுக்கிடுங்க."

அதுக்கு மேல என்னத்தப் பயந்து என்ன?

"பாக்கியம், நான் சொல்றத மட்டும் செய்யி. எம் மனுவக் குடுங்கன்னு கேக்காத. கேட்டா இல்லைம்பாரு. இல்லைங்கிறது நெசந்தான். நீங்க எரிச்ச பேப்பரு லிஸ்ட்டு நகல் குடுங்கன்னு கேளு."

"எரிச்சத வச்சு நான் என்ன அண்ணே பண்ண?"

"கேளு தாயி."

மக கிட்டச் சொல்லி ஆர்.டி.ஐ போட்டுச்சு. நான் ஆபீசரு மறுத்துருவாருன்னு நெனச்சேன். அவரு பூரிச்சுப் போயிட்டாரு.

"பாரு, நாம மொறைப்படி எரிச்சிருக்கோம்னு ஊருக்குத் தெரியணும். எல்லாப் பக்கமும் நகல் எடு. உண்மை நகல்னு சீல் குத்து."

குத்துனேன். சீலு கோணலா விழுந்துச்சு. அவரு இப்பவும் படிக்காம, ஒவ்வொரு பக்கத்துலயும் பெருமையாக் கையெழுத்துப் போட்டாரு.

6. கீழ, மேலாபீசுல

விசாரணைக்கு ஒரிஜினல் ரிஜிஸ்தரோட வரச் சொல்லிட்டாங்க. ஆபீசரு ஜீப்புல போனாரு. நான் ரிஜிஸ்தர மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல போனேன்.

மேலாபீசுல அம்மா ஒருத்தங்க விசாரிச்சாங்க. அதிகம் பேச மாட்டாங்க.

"இவங்க கிட்ட இருந்து மெயில் வந்ததா?"

"வரவே இல்லைங்க மேடம்"னாரு எங்க ஆபீசரு.

அந்தம்மா ரிஜிஸ்தரப் பெரட்டுனாங்க. ஒரு பக்கத்துல நின்னாங்க. வெரல வச்சுச் சத்தமா வாசிச்சாங்க. பாக்கியத்தோட பேரு, வடகவுஞ்சி, மனை நம்பரு, ஆட்சேபனை, மெயிலு வந்த தேதி, மணி, நிமிசம். முப்பது நாளுல இன்னும் நாலு நாளு மிச்சம் இருந்துச்சு.

"கீழ இருக்குறது யாரு கையெழுத்து?"

"என்... என் கையெழுத்துதான் மேடம்."

"வராத மெயில எப்பிடிங்க உங்க முன்னிலையில எரிச்சீங்க?"

பாக்கியம் சேலைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டுச்சு. அழுகுதா சிரிக்கிதான்னு எனக்குத் தெரியல.

வெளிய வந்ததும் ஆபீசரு எங்கிட்டக் கேட்டாரு. கோவத்துல கேக்கல, நெசமாவே வெளங்காமக் கேட்டாரு. "இதர மனுக்கள், ஒரு கட்டுன்னு எழுதுறத விட்டுட்டு, யாருய்யா இம்புட்டு வெவரமா எழுதுனது?"

"நாந்தான் ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, சுருக்க வரல."

என் பென்சன் பேப்பரு மூணு தடவ குறை சொல்லித் திரும்பி வந்துச்சு. நாலாவது தடவ அவருக்கு மாறுதல் வந்துருச்சு, அதனால பொழச்சேன்.

பாக்கியத்துக்கு மனை நிலைச்சுச்சு. உத்தரவு மெயில்லதான் வந்துச்சு. சங்கீதா பிரிண்ட்டு எடுத்து, "இதுக்கு என்ன எழுத்து அங்கிள் போடுறது?"ன்னு எங்கிட்டக் கேட்டுச்சு. சர்வீசுல மொத தடவையா என்னைய ஒருத்தர் கேட்டது. ஆர் போடச் சொன்னேன். நானே கட்டுக்குள்ள நாலு தைல எலைய வச்சுக் கட்டுனேன்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒண்ணுதான் சொல்லுவேன். பேப்பரோ மெயிலோ, எத்தன வருசம் வைக்கணும்னு மேல இருக்குறவங்க சொல்லுவாங்க, மாத்துவாங்க, அந்த உத்தரவையே தொலைப்பாங்க. அது நம்ம கையில இல்ல. போக்கடிக்கிறத மட்டும் சுருக்காம எழுதி வைங்க.

போன மாசம் பாக்கியத்த பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். பந்தல் நல்லாக் காய்க்கிதாம். மனசுல கெடந்தத அன்னிக்குத்தான் சொன்னேன், ஒம் மனுவ எரிச்சுக் கை காஞ்சதுல நானும் ஒருத்தன் தாயின்னு.

கையில இருந்த பையக் கீழ வச்சுச்சு. அப்பறம் கேட்டுச்சு, "மனுவ எத்தன நாளு வச்சிருந்தீங்க அண்ணே?"

"ஒம்போது மாசம்."

"எரிச்சதுன்னு எழுதுனத?"

"அது எப்பவும் இருக்கும்."

பஸ்ஸு வந்துருச்சு. பையத் தூக்கிக்கிட்டு ஏறுச்சு. படியில நின்னு திரும்பிச் சொல்லுச்சு:

"அப்ப அடுத்த தடவ மனு குடுக்கையில, வாங்குன கையோட எரிச்சிரச் சொல்றேன் அண்ணே. பத்திரமா இருக்கும்."